பதில்: மிருதங்கத்தில் வயலின் அமுங்குகிறது

மல்லேஸ்வரம் கோயில் கச்சேரியில் உங்கள் வயலின் எடுபடவில்லை, வில்லை அழுத்தினால் கீச்சிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அழுத்தாதீர்கள். நானும் பல வருஷம் செய்த தப்பு இது. ராகம் முடிவதற்குள் தோள் கழன்றுவிடும். வில்லைக் குதிரைக்கு, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத் துண்டுக்கு, கொஞ்சம் நெருக்கமாக வைத்து நிதானமாக இழுத்துப் பாருங்கள். உங்கள் காதுக்குக் கரகரப்பாகத் தெரியும், பத்தாவது வரிசையில் கணீரென்று விழும்.

அப்புறம், மேடையில் உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் வயலின் வருகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தன் வாசிப்பு தனக்கே கேட்காதபோதுதான் கை தானாக அழுத்தும்.

பெங்களூரில் வயலின் வடிவிலேயே நினைவு ஹால் கட்டியிருக்கிறார்களே, அந்த வயலின் வித்வான் சௌடய்யாவுக்கும் மைக் இல்லாத காலத்தில் இதே கவலைதான். சத்தம் கூடுவதற்காக ஏழு தந்தி கட்டினார். உங்களுக்கு நாலே போதும், வில்லில் தேய்க்கும் பிசினான ரோசினை மட்டும் அப்பாதீர்கள்.