தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: சரக்கொன்றை விதையையும் வேப்பங்கொட்டையையும் ஈரத் துணியில் சுற்றி ஒரு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கொடைக்கானலில் வாங்கிய ப்ளம்ஸ் கொட்டையும் கைவசம் இருக்கிறது. அதையும் வைக்கலாமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: வைக்க வேண்டியது ப்ளம்ஸை மட்டும்தான். குளிர்காலம் கழிந்தால்தான் அந்த விதையின் உறக்கம் கலையும். நம் ஊர் மரங்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

கொன்றைக்குத் தடை தோல்தான். தண்ணீரே உள்ளே போகாது. காம்பு ஒட்டியிருந்த முனைக்கு எதிர்ப்புறம், உள்ளே வெள்ளை தெரியும் வரை உப்புத்தாளில் தேய்த்து ஒரு நாள் ஊறவையுங்கள். உப்பியதை விதையுங்கள், உப்பாததை இன்னொரு முறை தேய்க்கலாம்.

வேம்பு நேர்மாறு. உதிர்ந்த இரண்டு மூன்று வாரத்தில் உயிர் போய்விடும், குளிரும் ஆகாது. ஒரு கொட்டையை வெட்டிப் பாருங்கள்: பருப்பு பச்சையாக இருந்தால் உயிர் உண்டு, பழுப்பென்றால் வீண். ஆடியில் பழுத்து விழுவதைப் பொறுக்கி, சதையைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் உடனே ஊன்றுங்கள்.

இனி ப்ளம்ஸ். சதை துளியும் ஒட்டாமல் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடிப்பதே சதையில்தான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் ஊறவைத்து, தென்னை நார்க்கழிவோடு ஜிப் கவரில் போடுங்கள். நார்க்கழிவைப் பிழிந்தால் சொட்டக் கூடாது. காய்கறித் தட்டில், 4 டிகிரி அளவில், 10 முதல் 12 வாரம் இருக்கட்டும். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். ஊறிய விதைக்குள் நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சணம் கண்டால் கழுவி நார்க்கழிவை மாற்றுங்கள். காய்ந்தால் குளிர்ந்த நாளெல்லாம் கணக்கில் சேராது. ஓடு பிளந்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், வேர் கீழ்நோக்க வையுங்கள். அது கார்த்திகையாக இருக்கும். மதுரை வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஆனால் பழத்துக்கு ஆசைப்படாதீர்கள். விதையைப் போலவே மொட்டுக்கும் குளிர் வேண்டும். அதற்கு நம் மார்கழி போதாது.

கேள்வி: ஒரே நாவல் கொட்டையில் மூன்று செடி வருகிறதே? (வாசகர், மேலூர்)

பதில்: நாவலுக்கு இயல்பே அதுதான், ஒரு விதைக்குள் பல கரு. இரண்டு இலை விட்டதும் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரியால் அடியோடு நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் சேர்ந்து அறும்.