கரையில் ஓட்டிய கிரேனைக் கடலில் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பத்தாவது முடித்துவிட்டு ஐ.டி.ஐ. படித்தேன். ஹைட்ரா என்ற சின்ன கிரேன் வண்டியில் ஹெல்பராகச் சேர்ந்து, இப்போது ஐந்து வருடமாக, டிராக் பட்டையில் நகரும் 80 டன் கிராலர் கிரேன் ஓட்டுகிறேன். மேம்பாலம், ஆலைக் கட்டுமானம் என்று எல்லாம் கரை வேலைதான். ராமநாதபுரம் பக்கம் மீன்பிடித் துறைமுக வேலையில், பார்ஜ் என்ற தட்டையான மிதவை மேல் நிற்கும் கிரேனை ஓட்ட ஒரு காண்ட்ராக்டர் கூப்பிடுகிறார். சம்பளம் ஒன்றரை மடங்கு. "கிரேன் ஒன்னுதானேப்பா, நிக்கிற இடம்தான் வேற" என்கிறார். "தண்ணிக்கு மேல வேலை வேணாம்யா" என்று அப்பத்தா பிடிவாதமாக இருக்கிறார். அங்கே இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போகலாம் என்பது என் எண்ணம். போகலாமா ஐயா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுவயல்

பதில்: போகலாம் தம்பி. ஐந்து வருடம் கிராலர் ஓட்டியவருக்குக் கடல் வேலை எட்டாத வேலை இல்லை. ஆனால் காண்ட்ராக்டர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். நிற்கிற இடம் மாறினால் கிரேன் தூக்கும் எடையும் மாறிவிடும். அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் தினமும் பார்க்கும் லோடு சார்ட், அதாவது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை, கிரேன் மட்டமான, அமுங்காத தரையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. கிராலர் கிரேன்களில் பெரும்பாலும் கவிழும் எடையில் 75 சதவீதத்தைத்தான் சார்ட்டில் எழுதுவார்கள். மீதி 25 சதவீதம் இருக்கிறதே என்ற தைரியம் கரையில் பல ஆபரேட்டர்களுக்கு உண்டு. பார்ஜில் அந்தத் தைரியம் ஆளைக் கொன்றுவிடும்.

காரணம் இதுதான். பாரத்தைத் தூக்கியதும் பார்ஜ் அந்தப் பக்கமாகச் சாயும். எவ்வளவு பெரிய பார்ஜ் ஆனாலும் கொஞ்சமாவது சாயும். பார்ஜ் தளத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் பூமின் (கிரேனின் நீண்ட கையின்) நுனி இருந்தால், ஒரு டிகிரி சாய்வுக்கு அது சுமார் 70 சென்டிமீட்டர் நகரும். மூன்று டிகிரி என்றால் இரண்டு மீட்டருக்கு மேல். நீங்கள் லீவரைத் தொடாமலே ரேடியஸ் (கிரேனின் நடுவிலிருந்து ஹூக் வரையுள்ள தூரம்) கூடிவிட்டது, சார்ட்டில் அடுத்த வரிசைக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். முன்பக்கம் தூக்கிவிட்டுப் பக்கவாட்டுக்கு ஸ்விங் செய்தால், பார்ஜின் அகலம் குறைவு என்பதால் சாய்வு இன்னும் அதிகமாகும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பூம் மேலும் கீழுமாக வரும் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. பக்கவாட்டு இழுப்பை அது அதிகம் தாங்காது. பார்ஜ் பூமுக்குக் குறுக்காகச் சாயும்போது, ஹூக் நேர் கீழே தொங்கப் பார்க்கும், பூம் சாய்ந்து நிற்கும், பாரம் பூமைப் பக்கவாட்டில் இழுக்கும். கரையில் கிரேன் கவிழப் போகிறது என்றால் பின்பக்க டிராக் லேசாகத் தூக்கிக் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டு இழுப்பில் அந்த எச்சரிக்கை கிடையாது, பூம் மடங்கிவிடும். கேபினில் இருக்கும் லோடு மீட்டருக்குக் கயிற்றின் இழுவிசையும் பூமின் கோணமும் தெரியும். இந்தப் பக்கவாட்டு இழுப்பு பெரும்பாலான மீட்டர்களுக்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அதனால் சம்பளத்தைப் பேசுவதற்கு முன் காண்ட்ராக்டரிடம் பார்ஜுக்கான தனி லோடு சார்ட்டைக் கேளுங்கள். அந்த பார்ஜ், அந்த கிரேன், டெக்கில் (பார்ஜின் மேல்தளத்தில்) அது நிற்கும் இடம், அந்த பூம் நீளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பொறியாளர் போட்ட கணக்காக அது இருக்க வேண்டும். எத்தனை டிகிரி சாய்வு வரை எவ்வளவு தூக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். "கரைச் சார்ட்டில் இருபது பர்சென்ட் குறைச்சு ஓட்டுப்பா" என்று பதில் வந்தால், அந்த வேலை வேண்டாம். கிரேனை டெக்கோடு எப்படிக் கட்டியிருக்கிறார்கள், பார்ஜைச் சமமாக வைக்கும் பேலஸ்ட் தண்ணீரை யார் கவனிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். சரியான கம்பெனி என்றால் நீங்கள் கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம், தண்ணீருக்குள் இருக்கும் பாரம். நம் ஊர்க் கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருந்து, மேலே வந்ததும் கனக்கும் இல்லையா? அதே கதைதான், ஆனால் டன் கணக்கில். 10 கன மீட்டர் கான்கிரீட் கட்டி வெளியே சுமார் 24 டன் இருக்கும். கடலுக்குள் அது 14 டன்னுக்கும் குறைவாகவே காட்டும். தவறான இடத்தில் விழுந்த கட்டியை வெளியே எடுக்கும்போது, நீர்மட்டத்தைத் தாண்டத் தாண்ட அந்த 10 டன்னும் திரும்பி வரும். மீட்டர் 14 காட்டுகிறதே என்று ரேடியஸை நீட்டி வைத்திருந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். வெளியே இருக்கும் முழு எடைக்குத்தான் ரேடியஸ் பார்க்க வேண்டும். கட்டி சேற்றில் புதைந்திருந்தால் அதற்கும் மேலே இழுக்கும். வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். சேறு விடும் நேரத்தில் பாரம் திடீரென்று குறையும், பார்ஜ் எதிர்ப்பக்கம் ஆடும். டைவர் கீழே இருக்கிறார் என்றால், அவர் விலகிவிட்டார் என்று உறுதியாகத் தெரியும்வரை லீவரில் கையே வைக்காதீர்கள்.

சரக்குப் படகிலிருந்து தூக்குவதையும் பழகியவர் பக்கத்தில் நின்று பழகுங்கள். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அலை இறங்கும்போது பாரத்தைக் கட்டிய ஸ்லிங் இறுகினால், பாரம் இரண்டு மடங்காக வந்து அடித்ததுபோல் கிரேன் குலுங்கும். சில அலைகளைப் பார்த்துவிட்டு, படகு உச்சிக்கு வரும் நேரத்தில் எடுக்க வேண்டும். சிக்னல் கொடுப்பவர் யார் என்பது இங்கே கரையைவிடப் பெரிய விஷயம். ஒரே ஆள் மட்டும்தான் சிக்னல் காட்ட வேண்டும்.

நீங்கள் போகப்போகிற கரையில் வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம். அந்த ஊர் மீனவர்களிடம் பேசுங்கள். அவர்கள் கடலுக்குப் போகாத நாளில் உங்கள் பார்ஜும் வேலை செய்யக் கூடாது என்பது என் கருத்து.

பாம்பனையே பாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், சுமார் 660 டன். அதைக் கடலில் கிரேன் நிறுத்தி ஒரே தூக்காக ஏற்றவில்லை. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பாலத்தின் மேலேயே மெல்ல மெல்ல நகர்த்திக் கொண்டுபோய் வைத்தார்கள். கடலுக்கு மேல் தூக்காமல் முடிக்க வழி இருந்தால், நல்ல பொறியாளர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை. மீன்பிடித் துறைமுக வேலையில் பாதிக்கு மேல் அலைத்தடுப்புச் சுவர் வேலையாக இருக்கும். கல்லைக் கொட்டிக் கரையை நீட்டிக்கொண்டே போய், அதன் மேலேயே கிராலரை நிறுத்தி, டெட்ராபாட் என்ற நாலு கால் கான்கிரீட் கட்டிகளை வைப்பார்கள். முதல் சில மாதம் அந்த கிரேனைத் தரச் சொல்லுங்கள். ஓரத்துக் கற்களை அலை உருவியிருக்கிறதா என்று காலையில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும், மற்றபடி நீங்கள் அறிந்த வேலைதான். கடலின் போக்கு கண்ணுக்குப் பழகியபின், பார்ஜில் மூத்த ஆபரேட்டருக்கு அடுத்தவராக ஏறுங்கள். இதற்குக் காண்ட்ராக்டர் சம்மதித்தால் சம்பளம் ஒன்றே கால் மடங்கு என்றாலும் ஒத்துக்கொள்ளலாம்.

வயர் ரோப்பை உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். உலோகம் கடற்காற்றில் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கே காரைக்குடியில் உள்ள செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபம் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் நீளம்) ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ ரோப்பை மாற்றச் சொல்லுங்கள். மேலே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு இருக்கலாம், கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

ஊருணியில் கற்ற நீச்சல் போதாது. படகிலிருந்து பார்ஜுக்கு ஏறும்போது லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கேபின் கதவு வெளியே தடையில்லாமல் திறக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

வளைகுடா பற்றி: பத்தாவது முடித்திருப்பதால் உங்கள் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற வகைக்குத் தகுதி உண்டு. ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று பாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அவர் வாங்கக் கூடாது. அங்கே போனதும் ஆபரேட்டர் தேர்வு மறுபடியும் வைப்பார்கள். அதனால் அனுபவச் சான்றிதழில் "கிரேன் ஆபரேட்டர்" என்று மட்டும் எழுதி வாங்காமல், பார்ஜ் வேலை, கிரேனின் மாடல், டன் அளவு எல்லாம் வரச் செய்யுங்கள். இங்கே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம், முந்தைய ஒரு வருடத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

அப்பத்தாவின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதையும், ரயிலோடு ஆட்கள் போனதையும் அறிந்த தலைமுறை அது. அவருடைய பயத்துக்குப் பதில் காண்ட்ராக்டரிடம்தான் கேட்க வேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் பார்ஜை எங்கே கொண்டுபோய் நிறுத்துவீர்கள், பூமை யார் இறக்கி வைப்பது, ஆட்களை எந்தப் படகில் எப்போது கரை சேர்ப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கி அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள். பாதுகாப்பில்லை என்று ஆபரேட்டர் நிறுத்தினால் அன்றைய சம்பளம் பிடிக்கப்படாது என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பார்ஜ் சார்ட்டின் நகல் கிடைத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதே முகவரிக்கு அனுப்பிவையுங்கள். பார்ஜின் நீளம், அகலம், கிரேனின் மாடல், பூம் நீளம் நான்கையும் மறக்காமல் எழுதுங்கள். பார்த்துவிட்டு நேரடியாகவே பதில் போடுகிறேன்.