ஒரே ஒரு பக்கம்தான் என்றால், விலையைப் பற்றி எழுதுங்கள்

கேள்வி: புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தப்போவதாக அறிவித்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்பும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முழுத் தடை கேட்போம் என்கிறார் ஒருவர். வரியை ஏற்றினால் ஏழைக்குத்தான் அடி, கள்ளச் சரக்கும் பெருகும் என்கிறார் இன்னொருவர். விழிப்புணர்வு முகாம் போதும் என்பவர்களும் உண்டு. எதைக் கேட்பது?

பதில்: முழுத் தடையை முதலில் முடித்துவிடலாம். பூட்டான் 2004-இல் புகையிலை விற்பனையையே தடை செய்தது. பிடித்த பழக்கம் விடவில்லை. சரக்கு எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்தது. கடத்தல்காரர்கள் வழியாகக் கொரோனா பரவுகிறது என்ற கவலை வந்ததும், 2021-இல் தடையை விலக்கிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவும் 2020-இல் ஐந்து மாதம் போல விற்பனையை நிறுத்திப் பார்த்தது. புகைத்தவர்களில் பெரும்பாலோர் பல மடங்கு விலை கொடுத்துக் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். புகையிலையில் உள்ள நிகோடினுக்கு அடிமைப்பட்ட உடலுக்கு அரசாணை புரியாது. ஆகவே அந்தக் கோரிக்கையில் உங்கள் பக்கத்தை வீணாக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், பக்கத்தில் பாதியை விலைக்குக் கொடுங்கள். விலை 10 சதவீதம் ஏறினால் வசதியான நாடுகளில் நுகர்வு சுமார் 4 சதவீதம் குறைகிறது. மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதம். இளைஞர்களிடம் இந்த விளைவு இன்னும் அதிகம், கையில் காசு குறைவு என்பதால். பழக்கம் பெரும்பாலும் அந்த வயதில்தான் தொற்றுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அரசுக்கு வருமானம் குறையுமே என்று யாராவது கேட்டால், ஒரு சின்னக் கணக்கு காட்டலாம். ஒரு பாக்கெட் விலை 100, அதில் வரி 50 என்று வையுங்கள். 100 பாக்கெட் விற்றால் வரி 5,000. வரியை 60 ஆக்கினால் விலை 110 ஆகும். விற்பனை 95 பாக்கெட்டாகக் குறையும். இப்போது வரும் வரி 5,700. விற்பனை குறைந்தும் கஜானாவுக்கு லாபம். கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் எதிர்ப்பவர்கள் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

ஆனால் ‘வரியை உயர்த்துங்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எப்படிப்பட்ட வரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலைக்கேற்ப வெவ்வேறு அடுக்குகளில் வரி போட்டால், ஆட்கள் மலிவான ரகத்துக்கு இறங்கிவிடுவார்கள், விட மாட்டார்கள். சிகரெட்டுக்கு ஏற்றி மெல்லும் புகையிலையை விட்டுவைத்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் இவ்வளவு என்று ஒரே அளவான கலால் வரி, எல்லாப் புகையிலைப் பொருளுக்கும் ஒப்பான சுமை, வருமானமும் பணவீக்கமும் ஏறுவதைவிட வேகமாக ஆண்டுதோறும் உயர்வு: இந்த மூன்றையும் கேளுங்கள். சம்பளம் கூடும் வேகத்தில் விலை கூடாவிட்டால், வரி ஏறியதுபோலத் தெரியும். உண்மையில் சிகரெட் மலிவாகிக்கொண்டிருக்கும். சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உதிரியாக விற்பதைத் தடுக்கவும் சொல்லுங்கள். ஒன்றிரண்டாக வாங்குபவருக்கு விலை உயர்வும் உறைக்காது, பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கைப் படமும் கண்ணில் படாது.

ஏழைக்கு அடி என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் பாதி உண்மை. விலை ஏறும்போது அதிகமாகக் குறைப்பவர்களும் விடுபவர்களும் ஏழைகள்தான். ஆகவே நோய் குறைவதன் பலனும் அவர்களுக்கே கூடுதல். ஆனால் விட முடியாமல் தவிப்பவரின் வீட்டுச் செலவில் துண்டு விழும். அதனால்தான் வரியோடு சேர்த்தே, விட நினைப்பவருக்கு இலவச உதவி கேட்க வேண்டும். மருத்துவரோ செவிலியரோ ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு நிமிடம் பேசுவது, இலவசத் தொலைபேசி ஆலோசனை, நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை. சூயிங்கமும் பட்டையும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மன உறுதி இருந்தால் போதும் என்று சொல்பவர் பெரும்பாலும் ஒருநாளும் புகைக்காதவராக இருப்பார். பிலிப்பைன்ஸ் 2012-இல் வரியைச் சீர்திருத்தி, கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதியை ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குத் திருப்பியது. ஏழைக்கு அடி என்று வாதிடும் உங்கள் சங்கத்துக்காரரிடம் இந்த உதாரணத்தைக் காட்டுங்கள்.

கள்ளச் சரக்கு விஷயம் சுருக்கமாக. கடத்தல் என்பது வரி விகிதத்தைவிடக் கண்காணிப்பின் லட்சணத்தைப் பொறுத்தது. வரி மிக அதிகமாக இருந்தும் கடத்தல் குறைவாக உள்ள நாடுகள் உண்டு. வரி குறைவாக இருந்தும் கடத்தல் கொழிக்கும் நாடுகளும் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டையும் ஆலையிலிருந்து கடை வரை பின்தொடரும் முத்திரை முறையைக் கேளுங்கள். இதற்கென்றே ஒரு சர்வதேச உடன்பாடு 2018-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

விழிப்புணர்வு முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக நின்றால் அதற்கு வலு குறைவு. விளம்பரத்துக்கு முழுத் தடை, பெரிய எச்சரிக்கைப் படங்கள், நிறமும் சின்னமும் இல்லாத உறை (ஆஸ்திரேலியா 2012-இல் தொடங்கியது), பணியிடத்திலும் உணவகத்திலும் புகைத்தடை (அயர்லாந்து 2004-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது) ஆகியவற்றை ஒரு பத்தியில் அடக்கிவிடலாம். ‘புகைக்கத் தனி அறை’ என்ற சமரசத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் புகை வெளியே வரும், உள்ளே துப்புரவு செய்பவரும் அதைத்தான் சுவாசிப்பார். நிகோடின் குறைவு என்று சொல்லி விற்ற ‘லைட்’ சிகரெட் போன்ற அரைகுறைத் தீர்வுகளும் அப்படித்தான். புகைப்பவர்கள் இன்னும் ஆழமாக இழுத்து, கிடைக்காத நிகோடினை ஈடுகட்டிக்கொண்டார்கள்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் ஒரு வேலை. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவு, கொள்கை வகுப்பதைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்கச் சொல்கிறது. உங்கள் சங்கம் அத்தகைய நிறுவனத்திடம் நன்கொடையோ விழாச் செலவோ வாங்கியதில்லை என்று பொருளாளரிடம் உறுதி செய்துகொண்டு, அதையும் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.