குருமடத்தின் முதல் வாரத்துக்குத் தரகர் தேவையில்லை

கேள்வி: என் மகன் ஒரு துறவற சபையில் சேர்ந்து, மறைபரப்புப் பயிற்சிக்காக அடுத்த மாதம் ரோம் நகருக்கு அருகிலுள்ள அச்சபையின் இல்லத்துக்குச் செல்லவிருக்கிறான். விசா வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவர், "இத்தாலியில் இறங்கி எட்டு நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்தப் பதிவையும் இங்குள்ள எமிகிரேஷன் அனுமதியையும் நானே முடித்துத் தருகிறேன்" என்று சொல்லி 1,20,000 ரூபாய் கேட்கிறார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பதைச் சரிசெய்ய மேலும் 25,000 ரூபாய் ஆகுமாம். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்க எண்ணியிருக்கிறோம். முதல் வாரத்தில் அவன் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, கோத்தகிரி

பதில்: தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள், அம்மா. அந்த மனிதர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் உண்மை. மூன்று மாதத்துக்கு மேல் தங்கப்போகும் வெளிநாட்டவர் இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தக்க காரணமின்றித் தவறினால் வெளியேற்றும் அதிகாரமும் அரசுக்கு உண்டு. இந்த ஓர் உண்மையைக் காட்டித்தான் மற்ற எல்லாவற்றையும் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

அந்த விண்ணப்பத்தைக் கோயம்புத்தூரிலிருந்து எவராலும் செய்ய முடியாது. உங்கள் மகனே தன் பாஸ்போர்ட்டுடன் இத்தாலியத் தபால் நிலையத்தின் முகப்பில் நேரில் நின்று கொடுக்க வேண்டிய விண்ணப்பம் அது. 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்று அங்கு சொல்லப்படும் இந்த அனுமதிக்கான படிவங்கள் அடங்கிய உறை, 'ஸ்போர்த்தெல்லோ அமிகோ' என்ற பலகை உள்ள தபால் நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகலையும், தங்குமிடத்துக்கும் பராமரிப்புக்கும் தாம் பொறுப்பு என்று இல்லத் தலைவர் தரும் கடிதத்தையும் வைத்து, உறையை ஒட்டாமல் திறந்தபடியே கொடுக்க வேண்டும். படிவம் இத்தாலிய மொழியில் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். ஆண்டுதோறும் புதியவர்களை ஏற்கும் இல்லங்களில் இதை நிரப்பத் தெரிந்த ஒருவர் அநேகமாக இருப்பார். வந்த மறுநாளே அவரைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள், ஐந்தாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். புகையிலைக் கடையில் வாங்கி விண்ணப்பத்தில் ஒட்டும் வரிவில்லை (ஸ்டாம்ப்) 16 யூரோ, தபால் கட்டணம் 30 யூரோ, அனுமதியாகத் தரப்படும் மின்னணு அட்டைக்கு 30.46 யூரோ, ஓராண்டு வரையிலான அனுமதிக்கு அரசுக் கட்டணம் 40 யூரோ; ஆக மொத்தம் 116.46 யூரோ. நம் பணத்தில் ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். பெரும்பாலும் சபையே இதைக் கட்டிவிடும். இல்லையென்றால் இந்தத் தொகையை மட்டும் மகன் கையில் கொடுத்தனுப்புங்கள்.

தபால் நிலையத்தில் தரும் ரசீதுதான் முதல் வாரத்தின் மிக முக்கியமான தாள். குவெஸ்தூரா எனப்படும் காவல் தலைமை அலுவலகத்துக்குக் கைரேகை பதிக்கச் செல்ல வேண்டிய நாள் அப்போதே குறித்துத் தரப்படும். அந்த நாள் பல வாரங்கள் தள்ளியும் வரலாம், அட்டை கைக்கு வர மாதங்களும் ஆகலாம். அதுவரை பாஸ்போர்ட்டும் இந்த ரசீதும் சேர்ந்தே அவனுடைய அத்தாட்சி. விமானத்தின் போர்டிங் பாஸையும் தூக்கி எறிய வேண்டாம். ஜெர்மனி போன்ற வேறு நாட்டில் இறங்கி மாறிச் சென்றால் இத்தாலிக்குள் நுழைந்த தேதிக்கு அதுவே சான்று. வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைப்பதை 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பது இல்லத்தின் கடமை. அதன் நகலொன்றையும் அவன் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற வரி எண்ணும் இலவசமே.

இப்போது எமிகிரேஷன் அனுமதி. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்த அனுமதி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் முதலிய சிலருக்கு, அதுவும் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டுமே தேவைப்படுகிறது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு; இத்தாலி இல்லை. உங்கள் மகன் வேலைக்கும் போகவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசிடம் பதிவு செய்த முகவர்கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கும்போது, தேவையே இல்லாத ஓர் அனுமதிக்கு லட்சக்கணக்கில் கேட்பவரை என்னவென்று சொல்வது?

குடும்பப் பெயர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தும் பெயரும், ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு புனிதரின் பெயரும், பாஸ்போர்ட்டில் வெறும் பெயரும் என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாக நிற்கிறான். உங்கள் மகனுக்கு விசா ஒட்டப்பட்டுவிட்டதால், இனி அந்தப் பாஸ்போர்ட்டைத் தொடவே கூடாது. இப்போது புதிய பாஸ்போர்ட் எடுத்தால் விசா பழைய பாஸ்போர்ட்டிலும், மாற்றிய பெயர் புதியதிலுமாக இரண்டும் முரண்பட்டு நிற்கும்; 25,000 ரூபாய் கொடுத்து அந்தச் சிக்கலை நீங்களே விலைக்கு வாங்குவீர்கள். காலியான இடத்தோடேயே தூதரகம் விசா கொடுத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இத்தாலியப் படிவங்களில் விசாத் தாளில் அச்சாகியிருப்பது போலவே, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும்; காலியிடத்தை நிரப்புகிறேன் என்று அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ தானாகச் சேர்க்கக் கூடாது, உதவிக்கு வரும் அருள்தந்தை அன்போடு சேர்க்கச் சொன்னாலும் கூடாது. வரி எண்ணின் முதல் ஆறு எழுத்துகள் பெயரிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. ஒரு படிவத்தில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் இருந்தால் வங்கிக் கணக்கு வரை அந்தக் குழப்பம் தொடரும். ஞானஸ்நானச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி, மறைமாவட்ட அலுவலகத்தின் முத்திரையோடு கொடுத்தனுப்புங்கள். விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்காத பிள்ளைகளின் நிலை வேறு: அவர்கள் முதலிலேயே, நீலகிரிக்காரர்கள் கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்திலும் கொடைக்கானல்காரர்கள் மதுரை மண்டல அலுவலகத்திலும், குடும்பப் பெயர் நிரம்பிய பாஸ்போர்ட்டாக மறுவெளியீடு பெற்றுக்கொள்வது நல்லது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்தான்.

விசாத் தாளை நீங்களும் ஒருமுறை பாருங்கள். வகை என்ற இடத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். 'சி' என்று இருந்தால் அது 90 நாள் வரையிலான குறுகிய காலத்துக்கானது. "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று எவர் சொன்னாலும் நம்பாமல் உடனே சபையைக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் இளைஞர்களை ஏற்றிவிட்டுக் கைகழுவும் தரகர்களால் மலையிலிருந்து போன பிள்ளைகள் பட்ட துன்பத்தை நான் அறிவேன். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இந்தத் தரகர்கள் தாமாக முளைக்கவில்லை. நம் சான்றிதழ்களை வெளிநாடு ஏற்பதற்கான 'அப்போஸ்டில்' என்ற அத்தாட்சி முத்திரை பதிக்க வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய். ஆனால் அந்த அமைச்சகம் பொதுமக்களிடமிருந்து தாளை நேரடியாக வாங்காமல் வெளி முகமைகள் வழியாகவே வாங்குகிறது. கோத்தகிரியிலிருந்து சென்னைவரை அலைய முடியாத குடும்பம் யாரைத் தேடிப் போகும்? திருச்சபை நிறுவனங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 1895-இல் கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் சேசு சபையார் பயிற்சி இல்லம் தொடங்கியபோது, கடல் கடந்து வந்த இளைஞர்கள் பலரை அந்த மலை ஏற்றுப் பழக்கியது. புதிதாக வருகிறவனுக்கு என்ன தேவை என்று அத்தனை காலமாக அறிந்தவர்கள், நம் பிள்ளைகள் போகும் திசைக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்கக் கூடாதா? வழியனுப்பு விழாவுக்கு மாலையும் மேடையும் இருக்கின்றன. இந்த ஒரு தாள் இல்லை.

பாஸ்போர்ட்டைப் பாதுகாப்புக்காக அலுவலகப் பெட்டகத்தில் வாங்கி வைக்கும் பழக்கம் சில இல்லங்களில் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்தாலும், குறைந்தது பதிவு முடியும்வரை அது அவனிடமே இருக்க வேண்டும். இல்லத்துக்கு நகல் போதும். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை, இல்லத்தின் உடைமை அல்ல. சிக்கல் ஏதேனும் வந்தால் ரோமில் உள்ள இந்தியத் தூதரகத்தை நாடலாம். நீங்களும் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிடலாம்.

கடைசியாக, உங்களுக்கென்று ஒன்று. பல பயிற்சி இல்லங்களில் முதல் நாட்களில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அல்லது வாரத்தில் ஒருநாள் மட்டும் பேச விடுவார்கள். அந்த மௌனத்தைக் காத்திருந்து பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்: "உங்கள் மகன் போலீஸ் பிடியில் இருக்கிறான், உடனே பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வரும், பின்னணியில் அழுகுரல்கூடக் கேட்கும். எனவே அவன் புறப்படும் முன்பே, இல்லத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணையும், எந்தக் கிழமை எந்த நேரத்தில் பேச விடுவார்கள் என்பதையும் சபையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியோர் அழைப்பு வந்தால் பணம் அனுப்பாமல், முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்; இத்தாலி நேரம் நமக்கு மூன்றரை மணி அல்லது நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். தவறிப் பணம் போய்விட்டால், அதே மணி நேரத்தில் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.