எடைக் குறைப்பு அறுவையில் முதல் துளையைத் தொப்புளில் போடாமல் இடது விலாவுக்குக் கீழே போடுவது ஏன்?

அக்காவுக்கு ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் எடைக் குறைப்பு அறுவை) செய்யப் போகிறார்கள், முதல் துளை இடது விலாவுக்குக் கீழே என்று சர்ஜன் படம் வரைந்து காட்டியதிலிருந்து பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடமாக தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸாக நின்று ட்ரோகார் (வயிற்றில் துளை போட்டுக் கருவிகளை உள்ளே விடும் குழாய்) எடுத்துக் கொடுப்பவள் நான். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு நிம்மதிதான்.

லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில், மற்ற துளைகளை உள்ளே இருக்கும் கேமராவில் பார்த்துக்கொண்டே போடலாம். முதல் துளைக்கு அந்த வசதி கிடையாது. குடலோ பெரிய ரத்தக்குழாயோ காயப்படுவது அரிது. ஆனால் அப்படி நடப்பதில் ஏறக்குறையப் பாதி இந்த முதல் நுழைவில்தான். அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

ஒல்லியானவர்களுக்குத் தொப்புள் வசதியான இடம், அங்கே வயிற்றுச் சுவர் மெல்லியது. உடல் பருத்தவர்களுக்கோ கொழுப்பின் கனத்தில் தொப்புளே கீழே இறங்கியிருக்கும். உள்ளே எது எங்கே என்று அதை வைத்துக் கணிக்க முடியாது. போதாததற்கு, அங்கிருந்து இரைப்பையின் மேல்பகுதி வெகுதூரம்.

இடது பக்கம் சொன்னாரே, அது பால்மர் புள்ளியாக இருக்கும். ராவுல் பால்மர் என்ற பிரெஞ்சுப் பெண்நோய் மருத்துவர் பெயரில் வந்தது. காறை எலும்பின் நடுவிலிருந்து நேராகக் கீழே வந்து, விலா விளிம்புக்கு 3 செ.மீ. கீழே. விலா பக்கத்திலேயே இருப்பதால் அழுத்தும்போது சுவர் அதிகம் அமுங்காது. சிசேரியன் ஆனவர்களுக்குக்கூட அங்கே குடல் ஒட்டியிருப்பது அபூர்வம். நேர் கீழே இரைப்பை இருக்கிறது என்பதால், மயக்க மருந்து டாக்டர் முதலில் டியூப் விட்டு அதைக் காலியாக்கிவிடுவார்.

அப்புறம் உள்ளே போகப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று வெரஸ் ஊசி. 1930களில் ஹங்கேரியில் காசநோயாளிகளின் நெஞ்சுக்குள் காற்று செலுத்த வந்த ஊசி அது. உள்ளே ஒரு ஸ்பிரிங், தடை நீங்கியதும் மொட்டை முனை முன்னால் வந்துவிடும். வயிற்றை உப்ப வைக்க அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு செலுத்துவார்கள். சாதாரணமாக மெஷின் காட்டும் முதல் அழுத்தம் 10 mmHg-க்குக் கீழே இருந்தால் திருப்தி. பருமனானவர்களுக்கு வயிற்றின் சொந்த அழுத்தமே கூடுதல், அதனால் மெஷினில் எண் கொஞ்சம் ஏறி நின்றாலே பதற மாட்டோம், வாயு தடையில்லாமல் போகிறதா என்றும் பார்ப்போம்.

இன்னொன்று ஆப்டிக்கல் ட்ரோகார். முனை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், கேமராவை அதற்குள் வைத்தே திருகி இறக்குவார்கள். மானிட்டரில் முதலில் மஞ்சள் கொழுப்பு, பிறகு வெள்ளைப் படலம், சிவப்புத் தசை, மறுபடி வெள்ளை, கடைசியில் மெல்லிய சவ்வு. எனக்குப் பிடித்தது இதுதான், கண்ணுக்குத் தெரிகிறதே! சில சர்ஜன்கள் வாயுவை நிரப்பிவிட்டு இதை இறக்குவார்கள். 1971இல் ஹாசன் சொன்ன, வெட்டித் திறந்து போகும் முறையும் உண்டு. தடித்த சுவரில் அதற்குப் பெரிதாக வெட்ட வேண்டும், வாயுவும் கசியும்.

எந்த முறை என்று நீங்கள் அடம்பிடிக்க வேண்டாம், அவர் கை பழகிய முறையே நல்லது. அக்காவுக்கு முன்பு நடந்த ஆபரேஷன் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள், முக்கியமாக மண்ணீரல், இரைப்பை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த இடத்தையே மாற்றுவார்கள். அறுவைக்கு முன் இரண்டு வார டயட் கொடுத்திருந்தால் அதையும் ஒழுங்காக இருக்கச் சொல்லுங்கள், இரைப்பையை மறைத்து நிற்கும் கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கத்தான் அது. இரண்டு வாரமும் வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவருக்குக் கல்லீரலைத் தூக்கிப் பிடிக்கவே நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே!