சூடு படாத கன்று

அன்புள்ள ஐயா,

ஒரு அமெரிக்க செனட்டரைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அதில் அவரை 'மேவரிக்' என்கிறார்கள். நான் 'கலகக்காரர்' என்று போட்டேன். நண்பர் 'தான்தோன்றி'தான் சரி என்கிறார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? முதல் இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

மேவரிக் என்பது ஒருவரின் குடும்பப்பெயர். சாமுவேல் மேவரிக் 1803இல் தென் கரோலினாவில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, வக்கீலாகி, டெக்சஸுக்குப் போனார். மெக்சிகோவிலிருந்து டெக்சஸ் பிரிந்த 1836 பிரகடனத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. நிலம் வாங்கிக் குவிப்பதில்தான் மனிதருக்கு ஆசை, மாட்டில் அல்ல.

1840களில் 1,200 டாலர் கடனுக்கு ஈடாக 400 மாடுகள் அவர் தலையில் வந்து விழுந்தன. தன்னிடம் அடிமைகளாக இருந்த ஒரு குடும்பத்திடம் அவற்றை ஒப்படைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் காலத்து டெக்சஸில் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது. எல்லார் மாடும் கலந்துதான் மேயும். கன்று தாயை விட்டுப் பிரிவதற்குள் பிடித்துப் படுக்கப்போட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொடையில் சூடு போட வேண்டும். அந்தத் தழும்புதான் பத்திரம். மேவரிக்கின் கன்றுகள் பலவற்றுக்கு அது விழவேயில்லை. சூடில்லாத கன்று எங்கே தென்பட்டாலும் "அது மேவரிக்கோடது" என்றார்கள். 1856இல் அவர் மாடுகளை விற்றுக் கைகழுவிவிட்டார். பெயர் மட்டும் கன்றுகளோடு ஒட்டிக்கொண்டது. 1880களில் எந்தக் கட்சியின் முத்திரையும் ஒட்டாத அரசியல்வாதிக்கும் அதே பெயர்.

ஆக, கலகக்காரர் சரிவராது. அந்தக் கன்று யாரையும் எதிர்க்கவில்லை. மந்தையோடுதான் மேய்ந்தது, அதன் தொடையில் யார் பெயரும் இல்லை, அவ்வளவுதான். 2008இல் ஜான் மெக்கெய்ன் அதிபர் தேர்தலில் நின்றபோது மேவரிக் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள். அவர் மேல் குடியரசுக் கட்சியின் சூடு இருக்கும்போது எங்கள் பெயர் எதற்கு என்று நிஜ மேவரிக் குடும்பத்தினர் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது.

தான்தோன்றி கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் தான்தோன்றீஸ்வரர் என்றால் கும்பிடுகிற நாம், தான்தோன்றித்தனம் என்றால் திட்டுகிறோம். உங்கள் கட்டுரையோ அவரை மெச்சுகிறது. நானாக இருந்தால் 'கட்சிக்குள் இருந்தும் கட்டுக்குள் இல்லாதவர்' என்று எழுதுவேன்.

இன்னொன்று. சாமுவேலின் பேரன் மோரி மேவரிக்கும் ஆங்கிலத்துக்கு ஒரு சொல் தந்திருக்கிறார். 1944இல் அரசு அலுவலகம் ஒன்றின் தலைவராக இருந்தபோது, புரியாத அலுவலக மொழிக்கு வான்கோழியின் கத்தலை வைத்து 'காபிள்டிகூக்' என்று பெயரிட்டார். 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதுகிறவர் சுடப்படுவார் என்று சுற்றறிக்கையே விட்டார்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தில் 'நடைமுறைப்படுத்துதல்' ஏழு இடத்தில் வருகிறது.