கரி போட்டும் மிளகாய்ச் செடி மஞ்சளாகிறதே, ஏன்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தமான் வீட்டுக்குப் பின்னால், செம்பனைத் தோட்டத்து எல்லையை ஒட்டி மிளகாயும் கத்தரியும் போட்டிருக்கிறாராம். எவ்வளவு உரம் வைத்தாலும் மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. யாரோ சொன்னார்களென்று கரியை இடித்துக் கலந்தால், செடி மஞ்சளாகிப் போச்சு. பயோசார், அதாவது மண்ணில் கலக்கும் கரி, எல்லாம் சும்மாவா என்று கேட்கிறார்.

சும்மா இல்லை. நீங்கள் கரியைப் பட்டினியாகவே போட்டுவிட்டீர்கள். கரி உரமில்லை, உரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். அதிலுள்ள நுண்துளைகள் காலியாக இருந்தால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும்; மஞ்சளுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இப்போதைக்கு அந்தச் செடிகளுக்கு ஆட்டுப் புழுக்கை ஊறிய தண்ணீரை நன்றாக நீர்க்கவைத்து ஊற்றுங்கள், தேறிவிடும்.

அடுத்த பாத்திக்கு முன்கூட்டியே கரியையும் மக்கிய ஆட்டு எருவையும் சம அளவு கலந்து, ஈரமாக வைத்து, மூடி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கரி வருகிற மாதிரி மேல்மண்ணில் கொத்திக் கலந்தால் போதும். கரி சீக்கிரம் மக்காது, அதனால் வருஷா வருஷம் போட வேண்டியதில்லை. புதுக்கரியோடு யூரியாவைக் கலக்காதீர்கள், கரியின் காரத்தன்மையில் தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும்.

எந்தக் கரி என்பதும் முக்கியம். பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம், அதில் என்னென்ன ஒட்டுப்பொருள் சேர்த்திருக்கிறார்களோ. சிரட்டைக்கரி அருமை. நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும் செக்காம் பாக்கார், அதாவது கருக்கிய நெல் உமி, இன்னும் சுலபம். ஆனால் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள், கறுப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் அது சாம்பலாகிப்போன சரக்கு. எந்தக் கரியானாலும் கையில் நசுக்கித் தண்ணீரில் கழுவுங்கள். சோப்புப் போட்டால்தான் போகிறது, பிசுபிசுக்கிறது என்றால் தார் மிச்சமிருக்கிறது, சரியாக வேகவில்லை. இடிக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டிலேயே குழி வெட்டி மட்டையை எரிக்கலாமே என்று தோன்றும். திறந்தவெளியில் எரிப்பதற்கு மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் தடை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா விடமாட்டார். வாங்கிக்கொள்வதே மேல்.

விளைச்சல் கூடுமா என்றால், பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் வெப்ப நாடுகளில் சராசரியாக 25 விழுக்காடு கூடியதாகவும் குளிர் நாடுகளில் பெரிதாகப் பலனில்லை என்றும் கண்டார்கள். காரணம் மண்தான். நம் பக்கத்துச் செம்மண் மழையில் கழுவப்பட்டுப் புளித்த மண், புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் (7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்) பல இடங்களில் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் இருக்கும். கரி அந்தப் புளிப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. அதனால் சுண்ணாம்பையும் கரியையும் ஒரே நேரத்தில் அள்ளிப் போடாதீர்கள், முதலில் பிஎச் பாருங்கள். அப்புறம், வேலியோரம் அன்னாசி வைத்திருந்தால் அதற்குக் கரியே வேண்டாம், அதற்குப் புளித்த மண்தான் பிடிக்கும்.